வீட்டில் ஒரு பாட்டு அறை: முதலில் அறை, அப்புறம்தான் ஸ்பீக்கர்

ஆடியோ கடையின் டெமோ அறையில் உட்கார்ந்து ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கேட்டு மயங்கி, சேமிப்பில் கைவைத்து வாங்கி வந்து வீட்டில் மாட்டினால், கடையில் கேட்ட பாட்டு வீட்டில் வருவதில்லை. குரல் கல்யாண மண்டபத்து மைக்கில் கேட்பதுபோல இருக்கும். பேஸ் ஒரு மூலையில் போய்க் குமுறிக்கொண்டிருக்கும். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் அறையில் தரை முழுக்கக் கார்ப்பெட், சுவரில் பேனல், மூலைகளில் ஆளுயரப் பஞ்சுத் தூண்கள். நம் வீட்டில் வழவழவென்று டைல்ஸ், சிமெண்ட் பூசிய செங்கல் சுவர், தலைக்கு மேல் கான்கிரீட். சத்தத்தை விழுங்குவதற்கு எதுவுமே இல்லை. போன சத்தமெல்லாம் திரும்பி வருகிறது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு வரிசைதான். அறையைத் தேர்ந்தெடுப்பது, அதை அமைதியாக்குவது, மின்சாரம், ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடம் பார்ப்பது, சுவர்களைச் சரிசெய்வது. கருவி வாங்குவது இதற்கெல்லாம் பிறகு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் இப்போது இருக்கும் சாதாரண ஸ்பீக்கரை வைத்தே முதல் ஐந்தையும் முடித்துவிடலாம். முடித்தபின், புதிதாக வாங்க வேண்டும் என்ற அவசரம் பாதி அடங்கிவிடுவதும் உண்டு.

எந்த அறை

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1,132 அடி போகும். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு அலையின் பாதி நீளம் கச்சிதமாக அடங்கிவிட்டால், அந்த ஸ்வரம் மட்டும் அறையில் பெரிதாகி, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் இழுக்கும். எந்த ஸ்வரம் என்று கண்டுபிடிக்கும் கணக்கு சுலபம். 566-ஐ அடிக்கணக்கால் வகுத்தால் போதும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 57 அதிர்வு), 11 அடிக்கு 51, 16 அடிக்கு 35. இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் அதே தொல்லை கொஞ்சம் குறைந்த அளவில் வரும்.

இப்போது நம்மூரின் வழக்கமான பத்துக்குப் பத்து படுக்கையறையை நினைத்துப் பாருங்கள். தளமும் பத்தடி உயரம் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 57 ஹெர்ட்ஸிலேயே வந்து குவிகின்றன. பாட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் அறை அதிரும். பக்கத்து ஸ்வரங்கள் காணாமல் போகும். நாலு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் அறையைப்போல மோசமான பாட்டு அறை கிடையாது. வேறு அறையே இல்லை என்றால் சின்ன ஸ்பீக்கரோடு திருப்தி அடைவது நல்லது. அங்கே சப்வூஃபர், அதாவது அடி ஸ்வரங்களுக்கு மட்டுமான தனிப் பெட்டி, வேண்டாம்.

வீடு கட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. மனையடி சாஸ்திரம் பார்க்கும் வீட்டில் 10, 11, 16, 17 அடி என்றுதான் அறைகளின் அளவு விழும். அதில் 16-க்கு 11 என்ற அறை, பத்தடி உயரத்தோடு, ஒலிக்கு மோசமில்லை. தொல்லை தரும் ஸ்வரங்கள் 35, 51, 57, 71 என்று ஓரளவு பிரிந்து நிற்கின்றன. சாஸ்திரம் ஒலியை நினைத்துச் சொன்னதா என்று கேட்காதீர்கள், அளவு பொருந்துகிறது என்பதோடு விட்டுவிடுவோம். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த 16-க்கு 11 அறையை வைத்துத்தான்.

பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. சரிந்த கூரையும் மரச் சட்டங்களும் ஒலியை நேராகத் திருப்பி அடிப்பதில்லை. அடி ஸ்வரங்களில் ஒரு பகுதி கூரை வழியாக வெளியே போய்விடும். உள்ளே கேட்க அருமையாக இருக்கும். அதே ஓட்டை வழியாகத் தெருவின் சத்தம் உள்ளே வருவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயிலும் மழையும் சேர்ந்து உங்களை உட்காரவே விடாது.

அமைதி

இங்கே எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். சத்தம் அறையை விட்டு வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் சத்தம் நன்றாக ஒலிக்கச் செய்வது இன்னொரு வேலை. சுவரில் பஞ்சு ஒட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காது என்று நினைத்தால் அது நடக்காது. சத்தத்தைத் தடுப்பது எடையும் காற்றுப் புகாத அடைப்பும்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரிடம் எடை நிறைய இருக்கிறது. ஓட்டை இருப்பது கதவிலும் ஜன்னலிலும்.

உள்ளே கூடாக இருக்கும் ஃப்ளஷ் கதவைக் கழற்றிவிட்டு, தட்டினால் திண்ணென்று இருக்கும் கனமான கதவு போடுங்கள். நிலைச்சட்டத்தில் சுற்றிலும் ரப்பர் பீடிங், கதவின் அடியில் தரையைத் தொடும் சீல். விரல் நுழையும் இடுக்கு ஒன்று இருந்தாலும் மற்றச் செலவு வீண். தள்ளும் ஜன்னல் எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் ஓரத்தில் காற்று விடும். ரப்பர் வைத்து இறுக்கி மூடும் திறப்பு ஜன்னலும், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் இருந்தால் ஆட்டோ சத்தம் பெருமளவு குறையும். அடுக்குமாடி வீட்டில் பேஸ் மட்டும் தளத்தின் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். அதற்கு மருந்து இரவு பத்து மணிக்கு மேல் ஒலியைக் குறைப்பதுதான்.

அப்புறம் ஃபேன். சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி லேசாக நடுங்கும். நீளமாக இழுக்கும் புல்லாங்குழல் ஸ்வரத்தை ஃபேன் போட்டும் நிறுத்தியும் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். நம் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது என்பதால் இன்வெர்ட்டர் வகை ஸ்ப்ளிட் ஏசி தேவைப்படுகிறது. அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்துவிட்டு, கேட்க உட்காரும்போது காற்றின் வேகத்தை மிகக் குறைவில் வையுங்கள். ஏசியை நாற்காலிக்கு நேர் மேலே மாட்டச் சொல்லாதீர்கள். வெளிப்பெட்டியை இதே அறையின் சுவரில் இரும்புத் தாங்கி வைத்துத் தொங்கவிடவும் வேண்டாம். அதன் அதிர்வு சுவர் வழியாக உள்ளே வந்து நாள் முழுக்க முனகும்.

மின்சாரம்

பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு முடிக்க வேண்டிய வேலை இது. மெயின் போர்டிலிருந்து இந்த அறைக்கு மட்டும் தனி எம்சிபி வைத்துத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள், 4 சதுர மில்லிமீட்டர் தடிமன் போதும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஓடும் லைனில் ஆம்ப்ளிஃபயரைப் போடாமல் இருப்பதுதான் நோக்கம். ஸ்பீக்கர் வயர் போக சுவருக்குள் குழாய் புதைத்துவிட்டால் பின்னால் அழகாகவும் இருக்கும். மின்சார வயரும் சிக்னல் வயரும் ஒரே குழாயில் போகக் கூடாது.

ஸ்பீக்கரில் ஹூம் என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால், எர்த் பின்னை வெட்டிவிடு, நின்றுவிடும் என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். உண்மையிலேயே நின்றுவிடும், அதுதான் ஆபத்து. கருவியின் உடலில் மின்சாரம் கசிந்தால் தொடுகிறவர் உயிருக்கு எந்தப் பாதுகாப்பும் இருக்காது. எல்லாக் கருவிகளையும் ஒரே ப்ளக் போர்டில் செருகிப் பாருங்கள். டிஷ் ஆன்டெனா கேபிளையோ கேபிள் டிவி ஒயரையோ ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும். வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பார்க்க வேண்டும். ஸ்கொயர் வேவ் யுபிஎஸ்ஸில் ஓடும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

டேப்பும் நூலும்

இது பைசா செலவில்லாத வேலை. பலன் மட்டும் மிக அதிகம். ஒரு மாஸ்கிங் டேப், ஒரு அளவு டேப், கொஞ்சம் நூல், உதவிக்கு ஒரு ஆள்.

ஸ்பீக்கர்கள் 11 அடிச் சுவரின் பக்கம் நின்று, 16 அடி நீளத்தை நோக்கிப் பாட வேண்டும். முன்சுவரிலிருந்து ஸ்பீக்கரின் முகம் வரை 4 அடி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஆறரை அடி. அப்படி வைத்தால் இரண்டு பக்கச் சுவரும் இரண்டேகால் அடி தள்ளி இருக்கும். உங்கள் தலை முன்சுவரிலிருந்து 10 அடியில். அதாவது முதுகுக்குப் பின்னால் 6 அடி காலியாக இருக்கும். நாற்காலியைப் பின்சுவரில் சாத்திப் போட்டால் பேஸ் வீங்கிவிடும். அறையின் சரிபாதியான 8 அடியில் போட்டால் அடி ஸ்வரம் ஒன்று அடியோடு காணாமல் போகும். இந்த இரண்டையும் தவிர்க்கத்தான் 10 அடி.

ஸ்பீக்கருக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 283-ஐ அந்த அடியால் வகுத்தால் கிடைக்கும் ஸ்வரத்தில் சுவரிலிருந்து திரும்பும் அலை நேர் அலையைத் தின்றுவிடும். 4 அடிக்கு 71 ஹெர்ட்ஸ், இரண்டேகால் அடிக்கு 126. முன்சுவர், பக்கச்சுவர், தரை என்று மூன்றிலிருந்தும் வூஃபர் (ஸ்பீக்கரில் அடி ஸ்வரங்களைப் பாடும் பெரிய கூம்பு) ஒரே தூரத்தில் இருந்தால் மூன்று பள்ளமும் ஓரிடத்தில் விழும். அதனால் மூன்று தூரமும் வேறு வேறாக இருக்கட்டும்.

இடம் முடிவானதும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து மூக்கு நுனியில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை இடது ட்வீட்டருக்கும் (மேல் ஸ்வரங்களைப் பாடும் சின்னக் குமிழ்) வலது ட்வீட்டருக்கும் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரண்டும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். ட்வீட்டரின் உயரம் காது மட்டத்தில், உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே. பிறகு ஸ்பீக்கரின் முகத்தைச் சிறிது சிறிதாக உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டே ஒரு தனிக் குரல் பாட்டைக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காற்றில், ஒரு வாயின் அளவில் நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி இன்னொரு டேப்.

சப்வூஃபர் இருந்தால் அதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. அதைத் தூக்கி உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபருக்கு இடம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இதே நாளில் அதிர்வு வேட்டையையும் முடித்துவிடுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் ஒரு சோதனை ஒலியைச் சுமாரான சத்தத்தில் ஓடவிட்டால் அறையில் உள்ளவை ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும். பீரோவின் கதவு, ஜன்னல் கொக்கி, சாமி படத்தின் கண்ணாடி, டியூப்லைட்டின் மூடி, ஸ்விட்ச் போர்டில் லூசான ஒரு பட்டன். பீரோவை அறையை விட்டே வெளியேற்றுங்கள். படங்களின் பின்னால் ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள்.

எவ்வளவு பஞ்சு

1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் புது விரிவுரை அரங்கில் பேசினால் யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, ஒவ்வொன்றாக அரங்கில் பரப்பி, ஒரு ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அப்படிக் கிடைத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து, 0.161-ஆல் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம்.

நம் 16-க்கு 11 அறை ஏறத்தாழ 50 கன மீட்டர். பாட்டுக் கேட்க 0.3 முதல் 0.5 விநாடிக்குள் ஒலி அடங்குவது சுகம். 0.4 என்று வைத்துக்கொண்டால் முழுசாக விழுங்கும் பரப்பு 20 சதுர மீட்டர் வேண்டும், அதாவது 215 சதுர அடி. தடித்த விரிப்பு, பஞ்சு வைத்த சோஃபா, கனமான திரை, புத்தக அலமாரி, உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் எல்லாம் சேர்ந்து எட்டுப் பத்து சதுர மீட்டர் தேறும். மீதிக்கு நாலுக்கு இரண்டு அடி பேனல் பதினான்கிலிருந்து பதினாறு வரை. நாலு பேனல் மாட்டிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

பேனல் செய்வது தச்சருக்கு ஒரு நாள் வேலை. கரையான் மருந்து அடித்த மரச்சட்டம், உள்ளே நாலு அங்குலத் தடிமனில் ராக்வுல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகை. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். ஏசி டக்ட் வேலைக்கும் கூரை வெப்பத் தடுப்புக்கும் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அறுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், இழை உடம்பில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். முன்னும் பின்னும் துணி போர்த்த வேண்டும். கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போனால் ஒலியும் போகும். காடா துணி போகும், கோணித் துணி போகும். பளபளக்கும் ரெக்ஸின் போகாது. பின்னால் ப்ளைவுட் அடிக்காதீர்கள். சுவரிலிருந்து மூன்று நாலு அங்குலம் தள்ளி மாட்டினால் அந்தக் காற்று இடைவெளியும் சேர்ந்து வேலை செய்யும்.

எங்கே மாட்டுவது? நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உதவியாளரைப் பக்கச் சுவரில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடங்களில் பேனல் வர வேண்டும். இரண்டு சுவரிலும் அப்படி. தளத்திலும் அதே இடத்தில் ஆங்கர் போல்ட் போட்டு இரண்டு பேனலைத் தொங்கவிடலாம். தரையில் அந்த இடத்துக்கு விரிப்பு. பவானி ஜமக்காளம் கண்ணுக்கு அழகுதான், ஆனால் மெல்லிய பருத்தி மேல் ஸ்வரங்களை மட்டுமே தொடும். அடியில் தடித்த ஃபெல்ட் போட்டு மேலே ஜமக்காளம் விரித்தால் அழகும் இருக்கும், வேலையும் நடக்கும்.

பேஸுக்கு மருந்து மூலைகளில். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினோரு அடிக்கு மேல். அதைப் பிடிக்க அங்குலக் கணக்கில் பஞ்சு போதாது, அடிக்கணக்கில் வேண்டும். முன்பக்க இரண்டு மூலைகளையும் தரையிலிருந்து தளம் வரை ராக்வுல் அடுக்கி அடைப்பது நல்ல தொடக்கம். நம் வீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. லாஃப்ட்! பித்தளைப் பாத்திரங்களை இறக்கிவிட்டு, பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை அதில் நெருக்கி அடுக்கி, முன்னால் துணித்திரை போட்டுவிடுங்கள். கடையில் விற்கும் பேஸ் டிராப் பலவற்றைவிட அது பெரிய கொள்ளளவு.

முட்டை அட்டையும் மெல்லிய ஸ்பாஞ்சும் வேண்டவே வேண்டாம். ஒரு அங்குல ஸ்பாஞ்சை நாலு சுவரிலும் ஒட்டினால் மேல் ஸ்வரங்கள் செத்துப்போகும், பேஸ் அப்படியே குமுறும். புதிதாகப் போட்ட வீட்டு தியேட்டர்கள் பலவற்றில் நான் கண்ட நோய் இதுதான். எல்லா இடத்தையும் மூடவும் கூடாது. பின்சுவரில் புத்தகங்களை முன்னும் பின்னுமாக அடுக்கிய அலமாரி ஒன்று ஒலியைச் சிதறடித்து அறைக்கு உயிர் கொடுக்கும். 1970-களில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் எண் கணிதத்தை வைத்து வடிவமைத்த டிஃப்யூசர் பலகைகளும் அதே காரியத்தை இன்னும் ஒழுங்காகச் செய்யும். தலையிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்க இடம் உண்டென்றால் வாங்கலாம்.

கருவிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஸ்பீக்கரை அறைக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்க வேண்டும். 1946-ல் பால் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷ்ஹார்னுக்கு இரண்டு நல்ல மூலைகள் வேண்டும், மூலை இல்லாவிட்டால் அதன் பேஸ் இல்லை. 1957-ல் வந்த குவாட் மின்நிலை ஸ்பீக்கர் முன்னும் பின்னும் பாடும், அதைச் சுவரோரம் ஒட்டி வைப்பது வீண். பிபிசி தன் வெளிப்புற ஒளிபரப்பு வண்டிகளின் நெரிசலுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ கைக்கு அடக்கமான மூடிய பெட்டி, பத்துக்குப் பத்து அறைக்கு இன்றும் அதைப் போன்றவைதான் சரி.

ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு தோராயக் கணக்கு. 87 டெசிபல் திறன் என்று போட்டிருக்கும் ஒரு ஜோடி, நீங்கள் உட்காரும் இடத்தில் 1 வாட்டில் சுமார் 85 டெசிபல் தரும். 10 வாட்டில் 95, 100 வாட்டில் 105. அந்த 105-ஏ தவில் அடி விழும் உச்சத்துக்குத் தாராளம். ஸ்பீக்கர் வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். மீட்டருக்குப் பல ஆயிரம் கேட்கும் வயர்களை விட்டுவிட்டு அந்தப் பணத்துக்கு ராக்வுல் வாங்குங்கள்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றையும் மறக்கக் கூடாது. வூஃபரின் ஓரத்தில் ஸ்பாஞ்ச் வளையம் இருந்தால் சில வருடங்களில் உதிர்ந்து கொட்டும், ரப்பர் வளையம் நீடிக்கும். இசைத்தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். பழைய காகித உறைகளில் பூஞ்சை பிடித்திருந்தால் தூக்கிப்போட்டுப் புது உறை மாற்றுங்கள்.

அளப்பதும் கேட்பதும்

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். அதோடு மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற ஒரு யுஎஸ்பி மைக். காது இருக்கும் இடத்தில் மைக்கை நிறுத்தி ஒரு அளவு எடுத்தால் அறையின் ஜாதகமே திரையில் வந்துவிடும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேடுகளும் பள்ளங்களும் தெரியும். மேடுகளை ஈக்வலைசர் (வேண்டிய ஸ்வரத்தை மட்டும் கூட்டவும் குறைக்கவும் உதவும் வசதி) வைத்துக் குறைக்கலாம். பள்ளத்தை ஏற்ற முயலக் கூடாது. எவ்வளவு ஊற்றினாலும் சுவரிலிருந்து திரும்பும் அலை அதே அளவுக்குத் தின்னும், ஆம்புக்குத்தான் வீண் பாரம். பள்ளம் இருந்தால் நாற்காலியை அரையடி நகர்த்தி மறுபடி அளவு எடுங்கள். கோடு தராசுபோல நேராக வர வேண்டியதில்லை. அடியில் சற்று உயர்ந்து மேல்நோக்கி மெல்லச் சரிந்தால் காதுக்கு இதம்.

அப்புறம் மைக்கை எடுத்து வைத்துவிட்டு மிருதங்கத்தைக் கேளுங்கள். கச்சேரிப் பதிவு ஒன்றில் தனி ஆவர்த்தனம் போதும். தொப்பியில் (இடது பக்கத்தில்) வித்வான் கையை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது ஸ்வரம் கீழிருந்து மேலே வழுக்கிப்போக வேண்டும். அறையில் மேடு இருந்தால் அந்த வழுக்கல் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு, எல்லா அடியும் ஒரே கும் என்று கேட்கும். வலந்தலையின் (வலது பக்கத்தின்) சாப்பு அடி கண்ணாடி உடைவதுபோலக் குத்தினால் பக்கச் சுவரில் பேனல் போதவில்லை. மரத்துப்போய்க் கேட்டால் அதிகம். எந்த மாற்றத்துக்குப் பிறகும் அதே பதிவு, அதே ஒலி அளவு. ஒலி ஒரு டெசிபல் கூடினாலே எல்லாம் முன்னேறிவிட்டதாகக் காது நம்பிவிடும்.

விருந்தாளி வரும்போது

இவ்வளவு செய்த பிறகு நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியாது. அறை பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். ராக்வுல் பேனலுக்குச் சுங்குடித் துணி போர்த்தலாம், ஊதிப் பார்த்துவிட்டு. கருவிகளின் அலமாரி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உயரமாக நின்றால் குரலின் இடம் குழம்பும். தாழ்வாக வையுங்கள், அல்லது பக்கச் சுவருக்குத் தள்ளுங்கள். நடுவில் பெரிய டிவி இருந்தால் பாட்டுக் கேட்கும்போது அதன் மேல் கனத்த திரை. கண்ணாடி மேல்தட்டு டீப்பாயை வெளியே போடுங்கள். மஞ்சள் ஒளி விளக்குகள் போதும், ஆனால் மலிவான டிம்மர் ஸ்பீக்கரில் கிர்ரென்று கேட்கும், வாங்கும் முன் சோதியுங்கள்.

நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதை வந்தவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். உங்களுக்குப் பிடித்த, ரயில் ஓடுவதும் இடி இடிப்பதுமான டெமோ பதிவுகளில் ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். நூறு தடவை காரிலும் டீக்கடையிலும் கேட்ட எண்பதுகளின் பாட்டில் இதுவரை தெரியாத ஒரு பேஸ் கிடார் வரி கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். அதற்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சத்தத்தை 80 டெசிபல் பக்கம் வையுங்கள். பேச்சுக் கேட்கிற அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றலாம். விலை எவ்வளவு என்று கேட்டால் பேனலின் விலையை முதலில் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் காபிக்கு எழுந்துவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. காபி டம்ளர் ஆம்ப் மேலே உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் வருவதாக இருந்தால் ஸ்பீக்கரின் கிரில்லை முன்கூட்டியே மாட்டிவிடுங்கள். பளபளக்கும் ட்வீட்டர் குமிழைப் பார்த்த ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. துணிக் குமிழ் அமுங்கினால் ஒட்டும் டேப்பை மெதுவாக வைத்து இழுத்து நிமிர்த்த முடியும், சில நேரம் பலிக்கும். உலோகக் குமிழில் மடிப்பு விழுந்துவிட்டால் ட்வீட்டரை மாற்றுவதுதான் வழி.